பாதியில் திரும்பும் கை

"எனக்கு என்ன நோவுன்னு நீங்க கண்டுபுடிக்க வேண்டாமுங்க அம்மணி. போன தடவ என்ன மருந்து குடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அதையே நான் ரெண்டு மடங்கு வாங்கிக்கறேன்" என்றார் ஆறுச்சாமி.

"நான் ஒரு மருந்தும் குடுக்கலீங்கண்ணா" என்றாள் சம்பூர்ணம். "உங்க ஃபைல் இருக்குதான்னு தொறந்து பாத்தேன். இருந்துது. மூடிட்டேன். அவ்வளவுதான்."

"அதான் கேக்கறேன். நீங்க ஒண்ணுமே பண்ணாம எனக்கு எப்புடி நல்லாச்சு?"

கோவை சான்றுக் களஞ்சியம், ஒன்பதாம் எண் கவுண்டர், திங்கட்கிழமை மதியம். சம்பூர்ணம் கவுண்டர் ஊழியர் இல்லை, பொறியாளர். ஆனால் பொறியாளர்களும் மாதத்தில் ஒரு வாரம் மக்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது களஞ்சியத்தின் விதி. போதாததற்கு, யார் விடுப்பு எடுத்தாலும் அந்த நாற்காலி அவளுக்குத்தான் வந்து சேரும். ஆறுச்சாமிக்கு ஐம்பத்து நான்கு வயது. பம்ப் மெக்கானிக். எவ்வளவு சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாத கை. இது அவருடைய நான்காவது வருகை.

அந்தக் காலத்தில் வாசல்களுக்குக் காவலாளி வைக்கும் வழக்கமே போய்விட்டிருந்தது. அடுக்குமாடி, ஆஸ்பத்திரி, பள்ளி, மில் எதுவானாலும் வாசலில் ஒரு கண்ணாடித் தகடு. அதில் உள்ளங்கையை வைத்தால் ஒரு நொடியில் பச்சை அல்லது சிவப்பு. அந்த ஒரு நொடிக்குள் தகடு களஞ்சியத்திடம் மூன்று கேள்விகள் கேட்டுவிடும். இவர் யார்? இவர் மேல் வழக்கு உண்டா? உண்டென்றால் விடுதலை ஆனாரா? பதினைந்து நாளில் மூன்று சிவப்பு விழுந்தால், ஒரு வருடத்துக்கு எந்த வாசலும் திறக்காது.

வாசல் வாசலாகப் போய் மோட்டாரைப் பிரித்து மாட்டும் மனிதருக்கு அது ஒரு வருடப் பட்டினி. ஆறுச்சாமிக்கு ஏற்கெனவே இரண்டு சிவப்பு விழுந்திருந்தது.

"முறையாச் சொல்லுங்கண்ணா. மொத தடவ எப்ப வந்தீங்க?"

"பிப்ரவரில. நீங்க தொறந்து பாத்தீங்க. மூணு மாசம் எல்லா எடத்துலயும் பச்சை. மே மாசம் மறுபடியும் செகப்பு. வந்தேன். பாத்தீங்க. மூணு வாரம் தாங்குச்சு. போன செவ்வாக்கெழமை செகப்பு. புதன்கிழமை உங்ககிட்ட வந்தேன். வெள்ளிக்கெழமையே போச்சு. ரெண்டே நாளு!" அவர் குரலைத் தாழ்த்தினார். "வியாழக்கெழமை சரவணம்பட்டில நானூறு வீட்டு அபார்ட்மென்ட். வருச கான்ட்ராக்ட் குடுத்திருக்காங்க. அங்க செகப்பு விழுந்தா மூணாவது. அத்தோட நான் ஊட்ல படுத்துக்க வேண்டியதுதான்."

அவர் கையில் வழக்கமான பிளாஸ்டிக் உறை. உள்ளே பதினொரு வருடத்துக்கு முந்தைய தீர்ப்பு நகல். பீளமேட்டில் ஒரு காலனியில் மோட்டாரின் தாமிரக் கம்பி காணாமல் போனது. கடைசியாகக் கிணற்றில் இறங்கியவர் ஆறுச்சாமி. எட்டு மாதம் கோர்ட்டுக்கு அலைந்தார். எடுத்தது வேறு ஆள் என்று தெரிந்து, நீதிபதி இவரை விடுதலை செய்தார். அந்தக் காகிதத்தைப் படிக்கத் தகட்டுக்குக் கண் இல்லை.

சம்பூர்ணம் அவர் எண்ணைத் தட்டினாள். வழக்கு உடனே வந்து நின்றது. தீர்ப்பு வரவில்லை. திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"எப்பவுமே இத்தன நேரம் ஆகுமுங்களா?"

"பழைய ஃபைல்னா அப்படித்தானுங்க. ரெண்டு நிமிஷம் பொறுத்தா வந்துரும்..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள்.

அவள் இரண்டு நிமிடம் பொறுப்பாள். வாசல் ஒரு நொடிதான் பொறுக்கும்.

தீர்ப்பு வந்தது. நிரபராதி. அவள் அதைப் பார்க்கவே இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தாள். பிறகு கவுண்டரில் 'உணவு இடைவேளை' பலகையை வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்கண்ணா, உள்ள போய்ப் பாத்துரலாம்."

லிஃப்டில் ஆறுச்சாமி கேட்டார். "எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளதான இருக்குது? அப்புறம் ஒண்ணு மட்டும் ஏன் லேட்டா வருது?"

"கம்ப்யூட்டருக்குள்ளயும் எடம் மூணு மாதிரிங்கண்ணா. மொதல்ல சில்லு. அதுல அசையற பாகமே கெடையாது. வெறும் மின்சாரம். கேட்ட மறுகணம் குடுத்துரும். நொடியப் பத்தாயிரமா வெட்டுனா அதுல ஒரு துண்டு போதும்."

"செரி."

"அடுத்தது தட்டு. சுத்திக்கிட்டே இருக்கும், நொடிக்கு நூத்தி இருபது சுத்து. மேல ஒரு முள்ளு ஓடும். கேட்டது எங்க எழுதியிருக்குதோ அங்க முள்ளு போகோணும், அந்த எடம் சுத்தி வரோணும். சில்லுக்கு நூறு மடங்கு நேரம். ஆனாலும் நமக்குத் தெரியாது, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துரும். மூணாவது டேப்பு. கேசட்டு. அலமாரில சும்மா கெடக்கும். யாராச்சும் கேட்டா மிஷின் கை போய் எடுத்து, மாட்டி, ஓட்டி, தேடி..."

"ரெண்டு நிமிஷம்" என்றார் ஆறுச்சாமி. "எங்க ஸ்பேர்ஸ் கடைக்காரன் இதேதான் பண்றான். நாளைக்கு நூறு போற வாஷர் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல. புஷ்ஷு, பேரிங் எல்லாம் பின்னால ரேக்குல. பழைய மாடல் இம்பெல்லர் கேட்டா, ஆளனுப்பி குடோன்ல இருந்து வரோணும்."

"அதேதானுங்க."

"அப்ப எல்லாத்தையும் கல்லாகிட்டயே வெச்சுக்க வேண்டியதுதான?"

"கடை தாங்குமாங்க? சில்லு வெல அதிகம். குடோன் டேப்பு சும்மா இருக்கறப்ப கரண்டே தின்னாது, முப்பது வருசம் கெடாது. அதனால புதுசா எது வந்தாலும் சில்லுல உக்காரும். எடமில்லாட்டிப் பழசத் தட்டுக்குத் தள்ளும். தட்டுல இருந்து டேப்புக்குத் தள்ளும். நான் உங்க ஃபைலத் தொறந்தப்ப அது டேப்புல இருந்து சில்லுக்கு வந்திருக்குது. புதுசாட்ட. அதான் பச்சை. அப்புறம் மத்தது வந்து தள்ளிவிட, மறுபடியும் கீழ போயிருச்சு. இப்ப ஊர்ல எல்லா வாசலும் எல்லாத்தையும் எழுதி அனுப்புது. தள்ளறது மாசத்துக்கு மாசம் வேகமாயிருச்சு."

"மூணு மாசம், மூணு வாரம், ரெண்டு நாளு..." ஆறுச்சாமி விரல் விட்டார். "சரி. என்ற தீர்ப்பு கீழ போச்சு. என்ற கேஸு ஏன் போகல?"

"போலீஸ் பட்டியல் எப்பவும் சில்லுலயே இருக்கோணும்னு உத்தரவு."

"தீர்ப்புக்கு?"

"அப்படி உத்தரவு இல்லீங்க."

"ஏன் போடல?"

சம்பூர்ணம் யோசித்தாள். "யாரும் கேக்கலீங்க போலிருக்குது."

டேப் கூடம் குளிர்ந்து கிடந்தது. தரையிலிருந்து கூரை வரை கேசட் அலமாரிகள். நடுவில் தண்டவாளம் போட்டு, அதில் ஒரு இயந்திரக் கை ஓடிக்கொண்டிருந்தது. இதுபோல நான்கு கைகள், நான்கு வரிசைகள். ஆறுச்சாமி தண்டவாளத்தோரம் நின்று வெகுநேரம் காது கொடுத்தார். புதிய இயந்திரத்தைக் கண்டால் முதலில் காதால் பார்க்கிறவர் அவர்.

"பேரிங் நல்லா இருக்குது" என்றார். பிறகு, "அது ஏனுங்க அம்மணி பாதில திரும்புது?"

"எது?"

"கை. போகுது, எடுக்கப்போறாப்பல நீட்டுது, சும்மா திரும்பி வந்துருது. நான் வந்ததுல இருந்து ஏழு தடவ ஆச்சு. ஒரே ஒரு தடவதான் கேசட்டோட வந்துது."

ஆறு வருடமாகச் சம்பூர்ணம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஊழியர்கள் அதற்கு 'வாக்கிங்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சும்மா நின்றால் மசகு உறைந்துவிடும், அதனால் தானாகவே நடந்து பழகுகிறது என்று யாரோ எப்போதோ சொல்லி, எல்லோரும் நம்பிவிட்டார்கள். அதற்கு இரத்த அழுத்தம் இருப்பதாக ஜோக்கு வேறு.

அவள் கூடத்தின் திரைக்குப் போய், கை வெறுமனே திரும்பிய ஒவ்வொரு தடவையையும் வரிசைப்படுத்திப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி இருந்தது. காந்திபுரம், மகளிர் விடுதி, இரண்டாம் வாசல். பொள்ளாச்சி சாலை, நூற்பாலை. உக்கடம், பள்ளிக்கூடம். கணபதி, பிரசவ ஆஸ்பத்திரி.

"வாசல் கேக்குது. கை கெளம்புது. ஒரு நொடில வாசல் போதும்னு விட்டுருது. வேண்டாம்னு சொன்னதுக்கு எதுக்கு எடுக்கோணும்னு கை திரும்பிருது. கை தேயக் கூடாதுன்னு அப்படி எழுதி வெச்சிருக்கோம்" என்றாள். "பதில் வரலைன்னா, தீர்ப்பே இல்லைன்னு வாசல் எடுத்துக்குது."

"அப்ப அது ஒவ்வொரு தடவ திரும்பறப்பவும்..."

"யாரோ ஒருத்தர் வாசல்ல நிக்கறாங்க."

கை மறுபடி புறப்பட்டது. நீண்டது. திரும்பியது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"ஒரு நாளைக்கு எத்தன?" என்று கேட்டார் ஆறுச்சாமி.

"நேத்து மட்டும் நானூத்திப் பன்னெண்டு."

"அத்தன பேரும் கேஸுக்காரங்களா?"

"அத்தன பேரும் விடுதலை ஆனவங்கண்ணா. மத்தவங்களுக்கு எடுக்கறதுக்கு இங்க விடுதலைத் தீர்ப்பே இல்ல."

கண்காணிப்பாளர் லூர்துமேரி திருச்சிக்காரர். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுக்கு ஏம்மா இவ்வளவு பதட்டம்? இந்த ஆள முதல் பந்தில உக்கார வச்சிட்டா போச்சு" என்றவர், உடனே தன்னையே திருத்திக்கொண்டார். "அவரு உனக்குச் சொந்தமா?"

முதல் பந்தி என்பது களஞ்சியத்தின் ஊரறிந்த ரகசியம். ஊழியர்கள், அவர்கள் குடும்பத்தார், பெரிய அதிகாரிகள் ஆகியோரின் கோப்புகள் எந்நாளும் சில்லை விட்டு இறங்காது. இரண்டாயிரத்துச் சொச்சம் பெயர். எந்த உத்தரவிலும் இல்லாத பட்டியல்.

"சொந்தமில்ல மேடம்."

"அப்ப எப்படிம்மா? நாளைக்கு எல்லாரும் ஒரு ஆளக் கூட்டிட்டு வருவாங்க."

"எனக்கு அது போதுமுங்களே" என்றார் ஆறுச்சாமி, கதவோரத்திலிருந்து. "ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்."

லூர்துமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்பூர்ணம் சிரிக்கவில்லை.

"இவரு ஒருத்தர் இல்ல மேடம். தினம் நானூறு பேர். வாசல் பொறுத்துக்கிட்டா போதும். பச்சை, செகப்பு ரெண்டோட மூணாவதா மஞ்சள் வைப்போம். கோப்பு வந்துட்டிருக்கு, நில்லுங்கன்னு. கை திரும்பாம கேசட்ட எடுத்துட்டு வரட்டும். கோவை வாசல்களுக்கு மட்டும் ஒரு மாசம் பரிசோதனை. அதுக்கு உங்க கையெழுத்தே செல்லும்."

லூர்துமேரி கணக்குப் போட்டார். நான்கு கைகள், ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம். தாங்கும்.

"ரெண்டு நிமிஷம் நின்னா யாருக்கும் ஒண்ணும் ஆயிடாது" என்று கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. சரவணம்பட்டி அடுக்குமாடியின் வாசல். தோளில் கருவிப்பை, தரையில் மோட்டாரைத் தூக்கும் செயின் பிளாக். ஆறுச்சாமி உள்ளங்கையை வைத்தார்.

மஞ்சள்.

அவர் மூச்சு விட்டார். சிவப்பு இல்லை. பின்னால் காய்கறி கொண்டுவந்த பெண் பக்கத்துத் தகட்டில் கை வைத்தாள்: பச்சை. பள்ளிப் பிள்ளைகள்: பச்சை, பச்சை. நடைப்பயிற்சி முடித்து வந்த ஒருவர் கையை வைத்தபடியே ஆறுச்சாமியைத் திரும்பிப் பார்த்தார்: பச்சை. உள்ளே போனவர் போகாமல் நின்று பார்த்தார். குழந்தையைத் தூக்கியிருந்த ஒரு பெண் இரண்டடி தள்ளிப் போனாள். இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று ஆறுச்சாமிக்கு அன்றுதான் தெரிந்தது.

பச்சை விழுந்தபோது எதிரில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கிரிதரன் நின்றிருந்தார்.

"ஏங்க, உங்க பேர்ல ஏதாவது கேஸ் இருக்கா?"

"இருந்துதுங்க. விடுதலை ஆயிட்டேன். பதினொரு வருசம் ஆச்சு."

"அதான் பாத்தேன். கேஸுல இருந்தவங்களுக்குத்தான் மஞ்சள் விழுதுன்னு நேத்துல இருந்து அபார்ட்மென்ட் குரூப்ல எல்லாரும் போட்டுட்டிருக்காங்க." கிரிதரன் கெட்டவர் இல்லை. சங்கடப்பட்டார். "தப்பா நெனைக்காதீங்க. லேடீஸ் இருக்கற இடம். இன்னிக்கு வேலைய முடிச்சுக் குடுத்துருங்க. கான்ட்ராக்ட் பத்தி அப்புறம் பேசலாம்."

மறுநாளே பேசினார்கள், வேறொரு மெக்கானிக்கோடு.

வெள்ளிக்கிழமை ஒன்பதாம் எண் கவுண்டருக்கு ஐந்தாவது முறையாக வந்த ஆறுச்சாமி உட்காரவில்லை.

"உங்க மேல கோவமில்லீங்க அம்மணி. நல்லதுக்குத்தான் பண்ணுனீங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். செகப்பு விழுந்தப்ப மிஷினு கெட்டுப்போச்சுன்னு நெனச்சாங்க. மஞ்சள் விழுந்தா நான் கெட்டுப்போனவன்னு நெனைக்கறாங்க."

சம்பூர்ணம் மெதுவான கோப்பைச் சரி செய்யப் போய், கோப்பு மெதுவாக வருகிறவர்களை ஊருக்கே அடையாளம் காட்டிவிட்டாள். மறுபடி வேகத்தைக் கூட்ட இடமில்லை. சில்லும் இல்லை, பணமும் இல்லை. அன்று முழுவதும் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு மூவாயிரம் தடவை அவை போய்வர முடியும். தேவைப்படுவதோ நானூற்றுச் சொச்சம்தான்.

சாயங்காலம் லூர்துமேரியின் மேஜையில் ஒரு தாளை வைத்தாள்.

"டேப்பு நல்லாருக்கான்னு தினமும் சோதிக்கணும் மேடம். சோதனைக்கு ஃபைல் வேணும். தினம் ஆயிரம் பேரோட அடையாளச் சான்ற மட்டும் டேப்புக்கு இறக்கறேன். வாசல் கேக்கறப்ப அது சரியா மேல வருதான்னு பாப்போம்."

"எந்த ஆயிரம் பேர்?"

"குலுக்கல்ல யார் வந்தாலும்."

லூர்துமேரி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "முதல் பந்தியும் அந்தக் குலுக்கல்ல இருக்கா?"

"இருக்கு மேடம்."

"நானும்?"

"நானும் இருக்கேன் மேடம்."

கண்காணிப்பாளர் பேனாவை எடுத்தார், வைத்தார், மீண்டும் எடுத்தார். "ஒரு கேஸும் இல்லாத மனுஷங்கள வாசல்ல நிறுத்தறோம்னு எவனாவது கேட்டா?"

"ரெண்டு நிமிஷம் நின்னா யாருக்கும் ஒண்ணும் ஆயிடாதுன்னு சொல்லிரலாம் மேடம்."

லூர்துமேரி அவளை ஒரு முறை முறைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அடுத்த புதன்கிழமை, விட்டுவந்த செயின் பிளாக்கை எடுக்க ஆறுச்சாமி சரவணம்பட்டிக்குப் போனார். காலையில் துடியலூரில் ஒரு மில் வாசலில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வந்திருந்தார். அங்கே அவருக்கு முன்னால் ஒரு டாக்டரம்மாவும், பின்னால் கோயில் குருக்கள் ஒருவரும் மஞ்சளில் நின்றிருந்தது அவருக்கு வியப்பாக இருந்தது.

அடுக்குமாடி வாசலில் சின்னக் கூட்டம். எல்லோரும் பச்சையில் போய்க்கொண்டிருக்க, ஓரத்தில் ஒரே ஒருவர் மஞ்சள் வெளிச்சத்தில் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் வியர்வை. கிரிதரன். குழந்தையைத் தூக்கியிருந்த அந்தப் பெண் அவரிடமிருந்தும் இரண்டடி தள்ளித்தான் போனாள். மாடியில் ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆறுச்சாமி பக்கத்துத் தகட்டில் உள்ளங்கையை வைத்தார். அவருடைய தீர்ப்பு காலையில்தான் மேலே வந்திருந்தது. சில்லில் சூடாக உட்கார்ந்திருந்தது.

பச்சை. உடனே.

கதவு திறந்தது. ஆறுச்சாமி ஒரு காலை உள்ளே வைத்தார்.

"எனக்கு ஒரு கேஸும் இல்லீங்க" என்றார் கிரிதரன், அவரைப் பார்க்காமல். "சத்தியமா. எதுக்கு விழுதுன்னே தெரியல."

திறந்த கதவு சிறிது நேரம் காத்திருந்தது. ஆறுச்சாமி வைத்த காலை வெளியே எடுத்தார். கதவு மூடிக்கொண்டது. அவர் வந்து கிரிதரனுக்குப் பக்கத்தில், மஞ்சள் வெளிச்சத்துக்குள், மாடியிலிருந்து படம் எடுப்பவருக்கு இரண்டு பேரும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டார்.

"மோட்டார் இப்ப எப்புடிங்க ஓடுது?" என்று கேட்டார்.